பேர் தெரியாத பிள்ளை

“பிள்ளை பேரே தெரியாதா? அப்புறம் எதுக்குங்க வரிசையில நிக்கிறீங்க?”

பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள் கலாவதி. எதிரே நின்றவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தலைக்கவசத்தைக் கை மாற்றிக்கொண்டார்.

கோலசிலாங்கூர் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்ட மண்டபத்தில் அன்று பிள்ளைகளுக்கு அடையாள அட்டை முகாம். படம், கைரேகை, மச்சம், தழும்பு எல்லாம் அட்டையில் ஏறும். நாளைக்கு ஒரு பிள்ளை காணாமல் போனால் தேட உதவும். பாலர் பள்ளி ஆசிரியை கலாவதிதான் எழுதிக்கொண்டிருந்தாள்.

இந்த மனிதரைக் காலையிலிருந்தே அவள் கவனித்து வந்தாள். கூடப் பிள்ளை இல்லை. இரண்டு தடவை வரிசையில் நின்று, முறை வந்ததும் விலகிப் போனார். வாசல்வரை போய்த் திரும்பினார். மையில் விரல் வைத்த ஒவ்வொரு பிள்ளையையும் உற்று உற்றுப் பார்த்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுவதாக வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு அவள் காதில் திரும்பத் திரும்ப ஓடியது.

“சரி, பொறந்த தேதி?”

“அதுவும் தெரியல டீச்சர். நாலு வயசு இருக்கும்னாங்க.”

“அம்மா பேரு?”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். “தெரியல.”

“அடையாளம் ஏதாச்சும்?”

“இடது முட்டிக்கு மேல சூடு பட்ட தழும்பு. அது மட்டும் நல்லாத் தெரியும்.”

பேர் தெரியாது, பெற்றவளைத் தெரியாது, துணிக்குள் இருக்கும் தழும்பு மட்டும் தெரியுமா? மேசைக்கடியில் கைப்பேசியை எடுத்து, குடியிருப்புக் காவல் குழுத் தலைவர் மகேந்திரனுக்கு ‘உடனே வாங்க அண்ணே’ என்று அனுப்பினாள்.

மகேந்திரன் நாலு பேரோடு ஓடி வந்தார். கலாவதி அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். வரிசையில் நின்ற தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

“யாரு நீ? எந்த ஊரு?”

“ஆன்ட்ரூ, அண்ணே. ஜெராம்ல இருக்கேன். லோரி ஓட்டுறேன்.”

“பிள்ளைய எங்கடா வச்சிருக்க? உண்மையச் சொல்லிடு லா, போலீசு வந்துக்கிட்டு இருக்கு!” காலரைப் பிடித்து உலுக்கினார் மகேந்திரன்.

தலைக்கவசம் விழுந்து உருண்டது. ஆன்ட்ரூ அதைக் குனிந்து எடுக்கவில்லை. திமிறவும் இல்லை. கலாவதியையே பார்த்தார்.

“எங்கப்பா அந்தோணிதாஸ் போன மாசம் சாகக் கிடந்தப்பதான் சொன்னாரு டீச்சர். முப்பது வருஷத்துக்கு முன்னால ஜெராம் மீன் பாசார்ல ஒரு பிள்ளை தனியா நின்னு அழுததாம். பிள்ளை இல்லாத ஆசையில வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாராம். போலீசுல சொல்லவே இல்லையாம்.”

காலரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

“அந்தப் பிள்ளை நான்தான். என் ரேகைய எடுத்துக்குங்க டீச்சர்... இன்னும் யாராச்சும் என்னையத் தேடிக்கிட்டு இருக்கலாம்ல?”