பதினான்காவது கேள்வி

"இந்தக் கேள்வியை அந்தம்மா கேட்கவே இல்லை வைஷு" என்று இயர்போனைக் கழற்றினான் தேஜஸ்.

வைஷுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

லண்டனில் சுகாதாரக் கொள்கை படிப்பவள் அவள். டி.பி. நோயாளிகள் ஏன் பாதியில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் என்று ஆராயப் புனே வந்து ஆறு வாரமாகிறது. மராத்தி தெரியாது. தமிழே தட்டுத்தடுமாறித்தான். தொண்டு நிறுவனம் ஒன்று செல்வமேரியைத் துணைக்கு அனுப்பியது. புனேயிலேயே, போபோடியில் பிறந்து வளர்ந்த செல்வமேரி, ஏரவாடா சந்துகளில் வீடு வீடாக அழைத்துப்போனாள். கேள்வியை மராத்தியில் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னாள்.

பேட்டிகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதித்தர ஒப்புக்கொண்ட சித்தப்பா மகன் தேஜஸ், புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்காரன். மராத்தி தண்ணீர் பட்ட பாடு. அவன்தான் கண்டுபிடித்தான்.

பதினான்காவது கேள்வி: வீட்டில் முதலில் யாருக்கு நோய் வந்தது, அவரிடமிருந்து யாருக்குத் தொற்றியது?

ஒன்பது வீடுகளில் செல்வமேரி அதைக் கேட்கவில்லை. ஒருத்தியிடம் குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்டிருக்கிறாள். அகல்யா என்பவளிடம், சாப்பிட்டாயா என்று. பிறகு வைஷு பக்கம் திரும்பி, "தெரியலையாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

எவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டாள்! வைஷு அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நேராக நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். அன்றைக்கே செல்வமேரியின் வேலை போயிற்று. எதிர்த்துப் பேசாமல் அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாளாம்.

மறுநாள் காலை வைஷு, தேஜஸைக் கூட்டிக்கொண்டு முதலில் அகல்யா வீட்டுக்குப் போனாள். அகல்யாவின் ஆறு வயது மகள் டி.பி.யில் இறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. தேஜஸ் கேள்வியை அப்படியே படித்தான்.

இதுவரை அப்படி யோசித்தே பார்க்காதவள்போல் இருந்தது அகல்யாவின் முகம். பிறகு அவள் மெல்லச் சொன்னதைத் தேஜஸ் தமிழில் சொன்னான்.

"முதல்ல இவங்களுக்குத்தான் வந்துச்சாம். பாப்பா இவங்க பக்கத்துலயேதான் படுத்துக்குமாம்."

தெளிவான பதில். வைஷு குறித்துக்கொண்டு எழுந்தாள்.

வாசலில் செல்வமேரி வந்துகொண்டிருந்தாள். தினமும் காலையில் அகல்யா மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பது அவள் வழக்கம். வேலை போன மறுநாளும் அதை விடவில்லை.

"ஏன் ஆன்ட்டி பொய் சொன்னீங்க?" என்று வைஷு கேட்டாள்.

செல்வமேரி தேஜஸ் கையிலிருந்த கேள்வித்தாளைப் பார்த்தாள்.

"அகல்யாகிட்ட கேட்டுட்டியாம்மா?"

வைஷு தலையசைத்தாள்.

செல்வமேரி அவசரமாகச் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போகுமுன் தணிந்த குரலில் சொன்னாள்:

"போன வருஷமும் உன்னாட்டம் ஒரு பொண்ணு வெளிநாட்டுல இருந்து வந்துச்சு. பிள்ளையைப் பறிகொடுத்த சரசாகிட்ட இந்தக் கேள்விய நான்தான் ஒரு வார்த்தை விடாம கேட்டேன். மறுநாள்ல இருந்து அவ மாத்திரையத் தொடல. நாலே மாசத்துல அவளும் போய்ச் சேர்ந்தா."