சின்ன கோர்ட் போதும்

மலேசியாவின் ஈப்போ நகரில் சரளா நடத்தும் பயண நிறுவனத்துக்கு வந்த பரமேசுவரன், மெல்பர்ன் டென்னிஸ் போட்டிக்கு ஐந்து நாள் டிக்கெட் கேட்டார்.

“பெரிய கோர்ட்டுல நிழலான சீட் இருக்கு அங்கிள். பேர் போன ஆட்டக்காரங்க எல்லாம் அங்கதான் ஆடுவாங்க,” என்றாள் சரளா.

“வேணாம்மா. சின்ன கோர்ட்டுங்களைச் சுத்திப் பார்க்கிற டிக்கெட் போதும்.”

“அதுல வெயில்ல நிக்கணும்லா!”

“பரவால்ல.”

சரியான கஞ்சர் என்று சரளா நினைத்துக்கொண்டாள். “உங்களுக்குப் பிடிச்ச ஆட்டக்காரர் யாரு? அவர் ஆடுற நாளாப் பார்த்து எடுக்கலாம்.”

“ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது.”

“அப்புறம் எதுக்கு அங்கிள் போறீங்க?”

அவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வலைக்குப் பக்கத்தில், உயரமான நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“என் மக. நடுவரா இருக்கா. இந்த வேலைக்குப் போனா வீட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டேன். ஏழு வருசமா வரல. எந்த கோர்ட்டுல உக்கார வைப்பாங்கன்னு தெரியாது. ஒவ்வொண்ணாப் போய்ப் பார்க்கணும்.”

சரளாவுக்குத் தன் நினைப்பை எண்ணி வெட்கமாக இருந்தது. “நீங்க போறது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஆட்டம் முடிஞ்சு அவ எறங்கி வரட்டும்.”

சரளா ஐந்து நாளுக்கும் டிக்கெட் எடுத்தாள். “ஃபிளைட்ல திரும்பி வர்றதுக்கு ஒரு டிக்கெட் போடட்டுமா அங்கிள்?”

பரமேசுவரன் கைபேசியிலிருந்த மகளின் படத்தை இன்னொரு முறை பார்த்தார்.

“ரெண்டாப் போடும்மா. கேட்டுத்தான் பார்ப்போமே.”