விகோவின் கிண்ணம்

விகோ பாதி நாய், பாதி ஓநாய். கிண்ணத்தை எதிரே வைத்தாலும், என் கணவர் ராடோவன் "ம், சாப்பிடு" என்று சொல்லாமல் வாய் வைக்காது. குட்டியிலிருந்தே அப்படிப் பழக்கியிருந்தார். உறைந்த தாத்ரா மலை மண்ணில் அவரைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அது பட்டினி.

"நீ சொல்லிப் பாரேம்மா," என்றாள் மகள் ஹெடா.

"நான் சொல்லி நீயே கேட்டதில்ல. அது கேக்குமாக்கும்!"

இன்று காலை மான் இறைச்சியை வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். விகோ அவருடைய காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று அதன் காதுகள் நிமிர்ந்தன. வாலை ஆட்டிவிட்டு, குனிந்து சாப்பிடத் தொடங்கியது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மதியம் முட்டைக்கோஸ் சூப்பை ஊற்றிக்கொண்டு அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். சூப் ஆறிப்போய்விட்டது. எனக்கும் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.