நாலாவது வரி

திரையில் இருந்த பூஜ்யம் தப்பு.

அவள் மூன்று முறை சரிபார்த்துவிட்டாள். ஆண்டு சரி. மாதம் சரி. நாலாவது வரி, எழுத்துக்கு எழுத்து சரி. அப்போதும் மனம் ஆறவில்லை. தன் கண்ணில்தான் கோளாறோ என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.

பூஜ்யம் அப்படியே இருந்தது.

தேடுபொறி விளம்பரக்காரர்களின் மாநாடு, இரண்டாம் நாள். மேடையில் பேசியவர் துறையில் பெரிய புள்ளி. ஆனால் அவர் தன் வெற்றிகளைச் சொல்ல வரவில்லை. 'நான் சொதப்பியவை' என்பதுதான் தலைப்பு. அதனால்தான் முந்நூறு நாற்காலிகளும் நிரம்பியிருந்தன.

ஏழு வருடத்துக்கு முன்பு அவருடைய முதல் வேலையாம். ஒரு மாலைநேரக் கணினிப் பயிற்சி நிலையத்துக்கு விளம்பரம் செய்தாராம். என்னென்ன சொற்களைத் தேடுகிறவர்களுக்கு விளம்பரம் தெரியவே கூடாது என்று முதலில் ஒரு விலக்குப் பட்டியல் போட வேண்டும். அதில் தலையாய சொல் 'இலவசம்'. அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் மறந்துவிட்டார்.

ஒரு மாதம் முழுக்க ஓசியில் கற்றுக்கொள்ள இடம் தேடியவர்கள் எல்லாரும் வந்து விளம்பரத்தை அழுத்திவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நிலையம் காசு கட்ட வேண்டும்; அந்தக் காசு தண்ணீராய்ப் போனது. அவர்களில் சேர்ந்தவர்கள், பூஜ்யம். முதலாளி அவரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு அந்த ஓசிக்காரர்கள் தேடியதை வரிசையாக, ஆண்டு மாதத்தோடும் அடியில் அந்தப் பூஜ்யத்தோடும் திரையில் காட்டி, நாலாவது வரியைச் சத்தமாக வாசித்தார்.

'இலவச கம்ப்யூட்டர் வகுப்பு கைக்குழந்தையோடு வரலாமா'

"தேடுபொறிகிட்டயே பர்மிஷன் கேட்டிருக்காங்க, பாருங்க."

அரங்கு குலுங்கியது. பக்கத்தில் இருந்த அவளுடைய டீம் லீடர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவள் மடிக்கணினியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டைவிரல் வழக்கம்போல ஸ்பேஸ் பாரில் ஓங்கி விழுந்தது. அது என்னம்மா பாவம் பண்ணிச்சு என்று ஆபீஸில் தினமும் கேட்பவர், இங்கேயும் கேட்டார்.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். இணையத்தில் படிவம் நிரப்பியவர்கள்தான் கணக்கில் ஏறுவார்கள். நடந்து வந்தவர்கள் ஏற மாட்டார்கள்.

ஒருத்தி நடந்து வந்தாள்.

விளம்பரத்தில் இருந்த முகவரியை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, இரவல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் மாலையே வந்தாள். இலவசம் என்று உனக்கு யார் சொன்னது என்று வரவேற்பில் இருந்த அக்கா கேட்டாள். கேட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள், இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, கணினிக்குப் போர்த்தும் உறையை மடித்து விரித்து, குழந்தையை வாங்கிப் படுக்கவைத்தாள்.

கேள்வி நேரம் வந்தது. ஒலிவாங்கி ஒவ்வொரு வரிசையாகக் கைமாறி வந்துகொண்டிருந்தது.

அவள் பேசவேண்டியதை எண் போட்டு எழுதிக்கொண்டாள். ஒன்று, வணக்கம். இரண்டு, நிறுவனத்தின் பெயர். மூன்று. மூன்றாவதை நாலு தடவை அழித்தாள். அவ்வளவு பெரிய மனிதரை இத்தனை பேர் முன்னால் திருத்துவதா? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? இப்போதுதானே எல்லாரும் அந்த வரியைப் பார்த்துச் சிரித்து முடித்தார்கள்?

ஆனால் அந்தப் பூஜ்யத்தால் ஒருவருக்கு வேலை போயிருக்கிறது. அவர் ஏழு வருடமாக அதை ஒரு ஜோக்காகச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறார். இப்போது விட்டால், சாப்பாட்டுக் கூட்டத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது.

ஒலிவாங்கி அவள் கைக்கு வந்தது. ஒன்றும் இரண்டும் மறந்துபோயின.

"சார், அது பூஜ்யம் இல்ல. நாலாவது வரியில இருக்கறவங்க வந்தாங்க, நடந்தே. கடைசி வரிசையில ஸ்பேஸ் பார் சரியா விழாத மெஷின் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அதுல ஓங்கி ஓங்கி அடிச்சே படிச்சு முடிச்சாங்க. நீங்க அந்தச் சொல்ல மறக்காம போட்டிருந்தா, அப்படி ஒரு எடம் இருக்குன்னே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்கள எங்கயாவது பார்த்தா நன்றி சொல்லச் சொன்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

பேச்சாளர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் கணினிப் பக்கம் குனிந்தார். திரையில் பூஜ்யம் அழிந்தது. அந்த இடத்தில் 1 வந்து நின்றது. அதற்குப் பிறகும் அவர் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

அவள் உட்கார்ந்தாள். எதையாவது செய்ய வேண்டுமே என்று, மூன்றாவது குறிப்புக்கு எதிரே 'சொல்லியாகிவிட்டது' என்று அடித்து, ஸ்பேஸ் பாரைத் தட்டினாள்.

டீம் லீடர் திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"பாப்பா இப்ப எத்தனாவது படிக்குது?"

"ரெண்டாவது, சார்."