மூன்று மணி ஜன்னல்

பக்கவாதத்தில் மூன்று வருடமாகப் படுத்துக்கிடக்கும் அப்பாவுக்குத் தூசி ஆகாது. காலையில் மகள் எப்சிபா சாத்திவிட்டு வேலைக்குப் போகும் ஜன்னல் மாலையில் திறந்திருக்கும்.

“சத்தியமா நான் தொறக்கலக்கா” என்றாள், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் முத்துப்பேச்சி.

“அப்ப பேயா வந்து தொறந்துச்சு? நாளைக்கு வராத.”

அறையில் கேமரா இருந்தது. பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. தப்பாகப் போட்டுப் போட்டு ரெக்கார்டர் பூட்டிக்கொண்டது. மெக்கானிக் முபாரக் வந்து, அதன் எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பி, புது எண் வாங்கித் திறந்தான்.

திரையில் மதியம் மூன்று மணி. முத்துப்பேச்சி துணி காயப்போட மாடிக்குப் போனாள். அப்பா எழுந்து உட்கார்ந்தார். சுவரைப் பிடித்து நின்றார். ஐந்து அடி நடந்து ஜன்னலைத் திறந்தார். வெயிலில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு வந்து, காலைக் கையால் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டார். முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும்.

முபாரக் தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தான்.

“புது பாஸ்வேர்டு போடணும்க்கா. யாரும் கண்டுபிடிக்க முடியாததா போடுங்க.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்வரை காத்திருந்து எப்சிபா போட்டாள். பிறகு போனை எடுத்தாள்.

“பேச்சி, தப்பு எம்மேலதான். நாளைக்கு வந்துரு. மூணு மணிக்கு எப்பவும்போல மாடிக்குப் போயிரு.”