எட்டா, பதினொன்றா?

“எட்டாம் நம்பரா? அவனையெல்லாம் ஒரு ஆளுன்னு பேச வந்துட்டீங்களேண்ணே” என்று அவள் ஹெட்செட்டில் சொன்னாள். பக்கத்து மேஜைகளில் போன்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொழில்முறைக் கூடைப்பந்தில் தலைசிறந்த ஷூட்டிங் கார்டு யார் என்பதுதான் வாதம். தூரத்தில் நின்று பந்தைக் கூடைக்குள் எறிந்து புள்ளி சேர்க்கிறவருக்கு அப்படிப் பெயர். மறுமுனையில் இருந்தவர் எட்டாம் நம்பர் சட்டைக்காரரின் பரம ரசிகர். அவள் பதினொன்றாம் நம்பர் கட்சி.

“பதினொண்ணு வெறும் வாய்ச்சவடால், தங்கச்சி. கடைசி நேரத்துல பந்து வந்தா கை உதறும்.”

“உதறினாலும் பந்து கூடைக்குள்ள விழுதா, இல்லையா?”

அது அவசர உதவி அழைப்பு அறை. பேசிக்கொண்டிருந்தவர் ஒரு வேன் டிரைவர். மழையில் மலைப்பாதை வளைவில் வழுக்கி, வேனோடு பள்ளத்தில் கிடந்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் கால் சிக்கியிருந்தது. ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

மீட்பு வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் பாதையில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதை அறுத்து ஒதுக்கும்வரை வண்டி நகராது. அவளுடைய திரையில் அந்த வண்டியைக் காட்டும் பச்சைப் புள்ளி குத்துக்கல் மாதிரி ஒரே இடத்தில் நின்றது.

அவரைத் தூங்க விடாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர அவளால் வேறெதுவும் செய்ய முடியாது. அதற்கு அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. சிக்கிக்கொண்டவர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடக்கூடாது. ஆமாம் என்றால் பேச்சு முடிந்துவிடும், பேச்சு முடிந்தால் கண் சொருகிவிடும். சண்டை போடுகிறவன் தூங்க மாட்டான்.

முதலில் வீட்டைப் பற்றிக் கேட்டுப் பார்த்தாள். பிள்ளைகள் பேச்சு வந்ததும் அவர் அழ ஆரம்பித்தார். அப்புறம் அவராகவே, வண்டி சரிந்தபோது ரேடியோவில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்ததையும், எட்டை மிஞ்ச ஒரு ஷூட்டிங் கார்டு இனிமேல்தான் பிறக்கவேண்டும் என்பதையும் சொன்னார். தன் மச்சான் மட்டும் பதினொன்றுதான் பெரியவன் என்று சாதிக்கிறான், மடையன் என்றார்.

உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி என்றாள் அவள். அங்கே பற்றிக்கொண்டது.

எட்டு இரண்டு கையாலும் எறிவான் என்றார். ஒரு கையை ஒழுங்காகப் பழகாதவன்தான் இரண்டையும் நம்புவான் என்றாள். முழங்கால் ஆபரேஷன் முடிந்த கையோடு வந்து ஆடினான் என்றார். வீட்டிலேயே படுத்திருந்தால் அணி பிழைத்திருக்கும் என்றாள். உன்னை எந்த மகராசன் இந்த வேலைக்கு எடுத்தான் என்று டிரைவர் பல்லைக் கடித்தார்.

“நீ எந்த மேட்சைப் பார்த்துட்டு இப்படிப் பேசறே?” என்று ஒரு தடவை மடக்கினார்.

“அதை விடுங்கண்ணே. நீங்க சொல்ல வந்ததை முடிங்க.”

ஷிஃப்ட் பொறுப்பாளரான அக்கா வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பச்சைப் புள்ளி நகரவில்லை.

டிரைவரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மழை கேட்டது. பிறகு அவர் கோபமே இல்லாமல் சொன்னார்.

“சரி தங்கச்சி. பதினொண்ணே பெரியவன். நீ சொன்னா சரி.”

வாதத்தில் ஜெயித்துவிட்டாள். இனி அவரிடம் சண்டைக்கு எதுவும் மிச்சமில்லை.

இப்போது எட்டின் கட்சிக்கு மாறலாமா? மாறினால் அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவார். மாறாவிட்டாலும் மூடத்தான் போகிறார். அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா நகராத பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப உங்க மச்சானுக்கு போன் போட்டுச் சொல்லிடறேன். நீங்க எட்டைக் கைவிட்டுட்டீங்கன்னு.”

மழைதான் பெய்துகொண்டிருந்தது. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“அவன்கிட்ட மட்டும்... சொல்லிடாதே. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.”

“சொல்லத்தான் போறேன். வேணாம்னா, எட்டு ஏன் பெரியவன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க.”

முனகிக்கொண்டே அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் வரிக்கு வரி மறுத்தாள். அக்காவின் கை அவள் தோளை அழுத்தியபோதுதான் திரையைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி வளைவுகளில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

கடைசியில் லைனில் தகரத்தை அறுக்கும் சத்தம் கேட்டது. ஆள் பேசுகிறார், நினைவோடு இருக்கிறார் என்று யாரோ கத்தினார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் டிரைவர் விடுவதாக இல்லை. எட்டுதான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், சொன்னால்தான் வருவேன் என்று மீட்புக்காரர்களிடம் அடம்பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் லைன் நின்றுபோனது.

லைன் நின்ற பிறகும் அவள் ஹெட்செட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். அக்காவே கழற்றி வைத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“நீ இப்படியொரு பாஸ்கெட்பால் பைத்தியம்னு இத்தனை நாளா தெரியாமப் போச்சேடி” என்றார்.

அவள் ஒரு மடக்குக் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஷூட்டிங் கார்டுன்னா என்னக்கா?”