கட்டிலில் கூடப் படுத்தவர்

எங்கள் விடுதியில் நாற்பது வருடமாக ஒரு திருட்டும் நடந்ததில்லை. அதனால் கம்பளி வியாபாரி ஸ்டர்ட் காலையில் வெறுங்காலோடு இறங்கி வந்து கத்தியபோது எனக்கு முகம் சுட்டது.

"என்ன விடுதிய்யா நடத்துறீரு, பிளென்கின்? என் பக்கத்துல ஒரு கிழவரைப் படுக்க வச்சீரே, அவரு என் பூட்ஸைத் தூக்கிட்டுப் போயிட்டாரு!"

ஒரே கட்டிலில் இரண்டு பயணிகளைப் படுக்க வைப்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் அன்று அவரோடு நான் யாரையும் படுக்க வைக்கவில்லை.

"ஆள் எப்படி இருந்தாரு?"

"இடது காது பாதிதான் இருந்துச்சு. ஐஸ் மாதிரி காலை என் மேல போட்டுக்கிட்டு, குளுருது குளுருதுன்னு ஒரே புலம்பல்."

என் அப்பாவுக்குத்தான் அப்படிக் காது. போன மாதம் அவரைப் புதைத்தபோது, நல்ல தோல் மண்ணில் வீணாக வேண்டாமென்று பூட்ஸை நான் கழற்றிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

குடும்பப் பெயர் கெடக்கூடாதென்று, என் காலிலிருந்த அந்த பூட்ஸையே ஸ்டர்ட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன்.

நான்காம் நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த ஊர் விடுதியிலும் அதே கிழவர் பக்கத்தில் படுத்தாராம். விடிந்தபோது நான் கொடுத்த பூட்ஸைக் காணோமாம். ஸ்டர்ட்டின் சொந்த பூட்ஸ் ஈரக் களிமண்ணோடு கட்டிலடியில் இருந்ததாம்.

'பிளென்கின் குடும்பத்தில் யாரும் திருடியதில்லை' என்று பதில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, 'அவர் தன்னுடையதைத்தான் எடுத்துக்கொண்டார்' என்று மட்டும் எழுதி, அரக்கு முத்திரை வைத்தேன்.